கருப்புப் பூனைக்கு இடுப்பெல்லாம் பொடுகு, தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா?

பாளைக்காரி:

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை பெயர் கருப்பட்டி. நிறமும் அதேதான். ஆறு வயது இருக்கும், விதை எடுத்தாச்சு, அதற்கப்புறம் ஆள் நன்றாகப் பெருத்துவிட்டான். சித்திரை வெயிலிலேயே லேசாகத் தெரிந்தது, இப்போது ஆனிக் காற்று தொடங்கியதும் தாங்கவில்லை. வாலுக்கு மேலே இடுப்புப் பக்கம் தடவினால் வெள்ளைச் செதிலாகக் கையோடு வருகிறது, சிவப்புத் தரையில் அவன் படுத்து எழுந்த இடம் கோலப்பொடி சிந்தின மாதிரி கிடக்கிறது. தலை, கழுத்து, மார்பு எல்லாம் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கிறது. சொறிகிறானா என்றால் பெரிதாக இல்லை. எப்போதாவது திடீரென்று திரும்பி இடுப்பைக் கடித்துவிட்டு ஓடுவான், அவ்வளவுதான்.

சாப்பாடு காலையில் பால்சோறு, மத்தியானம் நாங்கள் வைக்கிற மீன்குழம்பில் பிசைந்த சோறு, ராத்திரி கடையில் வாங்கும் பாக்கெட் தீனி. தண்ணீர் குடிப்பதை நான் பார்த்ததே குறைவு.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். அத்தை தேங்காய் எண்ணெயை அரக்கித் தேய்த்து வெயிலில் விடு என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் நம்ம தலைக்குப் போடுகிற பொடுகு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் ஒரே தடவையில் போய்விடும் என்கிறார். வீட்டுக்காரரின் சிநேகிதர் நாய்க்கு வாங்கின சொட்டு மருந்து பாக்கி இருக்கிறது என்று கொண்டுவந்தே கொடுத்துவிட்டார், இன்னும் போடவில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் அவனைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள், அதனால் இது மனுஷருக்குத் தொத்துமா என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மேலப்பாளையம் அக்கா:

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம் பேசுவோம், முதலில் அந்த நாய் மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாய்க்கு உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு விடுகிற சொட்டு மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு உடம்பெல்லாம் நடுங்கி வலிப்பு வந்து உயிரே போய்விடும். அளவைக் குறைத்து இரண்டு சொட்டு விடலாம் என்கிற பேச்சே கூடாது. நாய்க்குப் போட்டால்கூட அது காய்கிற வரைக்கும் பூனையைப் பக்கத்தில் படுக்க விடக்கூடாது.

இப்போது பொடுகுக்கு வருவோம். தலையும் மார்பும் பளபளப்பு, இடுப்பில் மட்டும் செதில் என்று எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. காற்றும் வெயிலும் மட்டும்தான் காரணமென்றால் உடம்பு முழுக்க அல்லவா வறண்டிருக்க வேண்டும்? பூனை தன்னை நக்கி நக்கியே செத்த தோலையும் உதிர்ந்த முடியையும் எடுத்துவிடும். வயிறு பெருத்துவிட்டால் நாக்கு இடுப்புக்கு எட்டாது, எட்டாத இடத்தில் எல்லாம் அப்படியே தங்கிவிடும். வயதான பூனைக்கு மூட்டுவலி வந்து உடம்பை வளைக்க முடியாமல் போனாலும் இதே இடத்தில்தான் வரும். விலாவில் கையை வைத்து லேசாகத் தடவிப் பாருங்கள், எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அமுக்கித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் எடை கூடுதல்.

ஆனால் எடைதான் என்று அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த 'திடீரென்று திரும்பிக் கடித்துவிட்டு ஓடுவான்' எனக்குச் சரியாகப் படவில்லை. வாலுக்கு மேலே இருக்கிற அந்த இடம்தான் தெள்ளுக்கும் ரொம்பப் பிடித்த இடம். ஒரு பேன் சீப்பு எடுங்கள், பிள்ளைக்கு வாருகிற சீப்பு வேண்டாம், புதிதாக ஒன்று. ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து தரையில் விரித்துக்கொண்டு, அவன் இடுப்பில் தோல் வரைக்கும் படுகிற மாதிரி வாரி, சீப்பில் வருவதை அந்த ஈரத்துணியில் தட்டுங்கள். கருப்பாகக் குருணை விழுந்து கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது உங்கள் பூனையின் ரத்தம்தான். வெறும் மண்ணாக இருந்தால் அப்படிக் கசியாது.

எண்ணெய் வேண்டாம். காரணம் வேறொன்றுமில்லை, தேய்த்த எண்ணெய் முதுகில் நிற்காது, அவன் வயிற்றுக்குப் போய்விடும். நக்க எட்டாத இடத்தில் தேய்த்தால் பாளையங்கோட்டைப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும்.


அம்பை அண்ணாச்சி:

எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்த காலத்திலிருந்து பூனை இருக்கிறது. யாரும் ஷாம்பும் போடவில்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை. ஆச்சி எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் மிச்ச எண்ணெயைப் பூனை முதுகில் தடவிவிடுவாள், அதுபாட்டுக்கு நக்கிக்கொண்டு வெயிலில் படுத்திருக்கும். தேங்காய் எண்ணெய் என்ன விஷமா? இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் டாக்டர், டெஸ்ட் என்று ஆகிவிட்டது.

இன்னொன்று, காற்றைக் குறைத்துச் சொல்லாதீர்கள் அக்கா. மேற்கே மலையில் மோதி ஈரத்தையெல்லாம் குற்றாலத்துப் பக்கம் கொட்டிவிட்டுத்தான் அந்தக் காற்று பாளைக்கு வருகிறது. எங்களுக்காவது நாலு தூறல் கிடைக்கும், உங்களுக்கு வெறும் காற்றும் புழுதியும்தான். மனுஷர் உதடே வெடிக்கிறது, பூனைக்குத் தோல் உரியாதா?


இராமையன்பட்டி மாணவன்:

வணக்கம். நான் இங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன், டாக்டர் இல்லை, அதனால் நான் சொல்வதை வைத்துக்கொண்டு மருந்து வாங்க வேண்டாம்.

அண்ணாச்சி சொல்கிற காற்று உண்மைதான், இந்த மாதங்களில் செதிலோடு வருகிற நாய் பூனை அதிகம். தேங்காய் எண்ணெயும் விஷம் இல்லை. ஆச்சி காலத்துப் பூனைக்கு எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை என்றால் அது எலி பிடித்துத் தின்று, ஓடு ஏறி, கொழுப்பில்லாமல் இருந்த பூனை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இப்போதைய வீட்டுப் பூனை எண்ணெயை அதிகம் நக்கினால் வயிற்றோட்டம் வரும், ஏற்கெனவே பெருத்தவனுக்கு அந்தக் கொழுப்பும் சேரும். அதைவிட, எண்ணெய் செதிலை மறைத்துவிடும். செதில் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அடியில் காரணம் அப்படியே இருக்கும்.

ஷாம்பு விஷயம். நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, பூனையின் தோல் அப்படி இல்லை, நமக்கென்று செய்த ஷாம்பு அதை இன்னும் வறளச் செய்யும். பொடுகு ஷாம்பு சிலவற்றில் சாலிசிலிக் அமிலம், தார் எல்லாம் கலந்திருக்கும், நக்கினால் ஆபத்து. நமக்குச் சாதாரணமான பல பொருளைப் பூனையின் ஈரலால் உடைத்து வெளியேற்ற முடியாது. பாரசிட்டமால் அரை மாத்திரை போதும், ஒரு பூனையின் உயிர் போய்விடும். டீ ட்ரீ எண்ணெய் இயற்கையானது என்று தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவும் இதே கதைதான். வேப்பெண்ணெய், மஞ்சள் என்று அரைத்துப் பூசுவதும் வேண்டாம்.

பிள்ளைக்குத் தொத்துமா என்று கேட்டீர்கள். சாதாரண வறட்சிப் பொடுகும், நக்க எட்டாமல் வருகிற பொடுகும் தொத்தாது. தொத்துகிறது இரண்டு. ஒன்று செய்லெட்டியெல்லா என்ற உண்ணிவகைப் பூச்சி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு இருக்கும், செதிலுக்கு அடியில் அது ஊர்வதால் பொடுகே நடந்துபோவதுபோலத் தெரியும். கருப்புத் தாளில் செதிலைத் தட்டி நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள், ஏதாவது நகர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பூனையைத் தூக்குகிறவர்களுக்குக் கையிலும் வயிற்றிலும் சிவப்பாகச் சின்னச் சின்னத் தடிப்பு வந்து அரிக்கும். இரண்டாவது படர்தாமரை. பூனைக்கு முடி வட்டமாகக் கொட்டும், ஓரத்தில் செதில் இருக்கும், சில பூனைக்கு எதுவுமே தெரியாமல் வெறும் பொடுகு மாதிரியும் இருக்கும். பிள்ளையின் கையில், கழுத்தில் வட்டமாகச் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பது மட்டும் போதாது, எல்லாப் படர்தாமரையும் அந்த வெளிச்சத்தில் மின்னாது, முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்க்கவோ அதிலிருக்கிற பூஞ்சையை வளர்த்துப் பார்க்கவோ வேண்டும். முடிவு தெரிகிற வரைக்கும் பிள்ளையைத் தனியாகப் படுக்க வையுங்கள், பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

சாப்பாடுதான் எனக்குப் பெரிய கவலை. பால்சோறும் குழம்புச்சோறும் பூனைக்கு வயிற்றை நிரப்பும், தோலுக்கு ஒன்றும் தராது. பூனை கறி தின்கிற பிராணி. தோலுக்கு வேண்டிய சில கொழுப்பு அமிலங்களை மாடு, நாய் மாதிரி செடி எண்ணெயிலிருந்து அதனால் செய்துகொள்ள முடியாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். டாரின் என்கிற சத்தும் அப்படித்தான், அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. மீன்குழம்பில் வெங்காயம், பூண்டு, உப்பு, காரம் எல்லாம் இருக்கிறது, வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேரும். இதை இன்றைக்கே நிறுத்தலாம்.

தண்ணீர் பற்றி: நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு, சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து, ஏறக்குறைய 200 மில்லி வேண்டும். பாக்கெட் தீனியில் ஈரம் நூற்றுக்குப் பத்து பங்குதான், வேகவைத்த கறியில் பாதிக்கு மேலே தண்ணீர். தீனித் தட்டுப் பக்கத்திலேயே தண்ணீர் வைத்தால் பல பூனை குடிக்காது, தள்ளி வேறொரு மூலையில் அகலமான மண்சட்டியில் வைத்துப் பாருங்கள்.


உவரிக்காரன்:

மீன் எண்ணெய் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பூனைகளின் முடியைப் பார்த்தாலே தெரியும். சாளை மலிவாக வருகிற நாளில் இரண்டை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, அந்த வெந்த தண்ணீரோடு கொடுங்கள். அந்தத் தண்ணீரையும் விடாமல் குடித்துவிடும், தண்ணீர் குடிக்கவில்லை என்ற குறையும் தீரும். பச்சையாகப் போடாதீர்கள், சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் உண்டு, வேகவைத்தால் அது போய்விடும். கருவாடு கேட்டுக் காலைச் சுற்றும், கொடுக்காதீர்கள், அவ்வளவு உப்பு அதற்கு ஆகாது.

அதற்காகத் தினமும் மூன்று வேளையும் மீனே போடவும் கூடாது, வாரத்தில் இரண்டு நாள் போதும். கொழுப்பு மீனை மட்டும் தின்று வளர்கிற பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு மஞ்சளாகிக் கட்டிப்போய் தொட்டாலே கத்தும். கடற்கரைப் பக்கம் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மெடிக்கல் ஷாப்பில் மீன் மாத்திரை கேட்டால் சில நேரம் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் வேறு. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ, டி அதிகம், தினமும் கொடுத்தால் உடம்பில் சேர்ந்து எலும்பைக் கெடுக்கும். கோழிக்கடையில் சும்மா கிடைக்கிறது என்று தினமும் ஈரல் போடுகிறவர்களுக்கும் இதுதான்.


பாளைக்காரி:

எல்லாருக்கும் நன்றி, அக்காவுக்கு இரண்டு நன்றி. துணியை நனைத்து வாரிப் பார்த்தேன், முதலில் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன், உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் குருணையைச் சுற்றி வட்டம் வட்டமாகச் செங்கல் நிறம். அத்தையே பார்த்துவிட்டு 'சவத்துத் தெள்ளு' என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை, அதுதான் ஆச்சரியம்.

இராமையன்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கட்டைப்பையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம், வண்ணார்பேட்டை தாண்டுகிற வரைக்கும் கத்திக்கொண்டே வந்தான். எடை ஆறே கால் கிலோ. செதிலை ஒட்டுநாடாவில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள், நடக்கிற பூச்சி இல்லை. படர்தாமரை இருப்பதாகவும் தெரியவில்லை, முடியை எடுத்து வைத்திருக்கிறார்கள். பூனைக்கென்றே இருக்கிற செலாமெக்டின் சொட்டு மருந்தைப் பிடரியில் விட்டார்கள். வாலுக்கு அடியில் அரிசி மணி அளவில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை நான் சோற்றுப்பருக்கை என்று நினைத்திருந்தேன், அது நாடாப்புழுவின் துண்டாம், அதற்கும் மாத்திரை கொடுத்தார்கள். மகளுக்கு உடம்பில் ஒன்றுமில்லை.

இப்போது என் கேள்வி, எடையைக் குறைக்க ராத்திரித் தீனியை அப்படியே நிறுத்திவிடலாமா? வீட்டை என்ன செய்வது?


இராமையன்பட்டி மாணவன்:

நிறுத்தவே கூடாது அக்கா. பெருத்த பூனை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலே உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலுக்கு ஓடி ஈரல் கெட்டுப்போகும், அது உயிருக்கே ஆபத்து. முதலில் பாலையும் சோற்றையும் எடுத்துவிட்டு வேகவைத்த கோழியோ மீனோ சேருங்கள், ஆனால் வெறும் கறி மட்டும் முழுச் சாப்பாடு ஆகாது, பாக்கெட் தீனியை அளந்து போடுங்கள். மாதத்துக்குக் கால் கிலோ குறைந்தால்கூடப் போதும், அவசரமே வேண்டாம்.

நாடாப்புழு எங்கிருந்து வந்தது என்றால், அதே தெள்ளிலிருந்துதான். நக்கும்போது தெள்ளை விழுங்கியிருக்கிறான், அதற்குள் இருந்த புழு குடலில் வளர்ந்துவிட்டது. தெள்ளு போகாவிட்டால் புழு மறுபடியும் வரும்.

வீட்டைப் பொறுத்தவரை, பூனை மேல் இருக்கிற தெள்ளு கொஞ்சம், அதன் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாயிலும் சாக்கிலும் கட்டிலுக்கு அடியிலும்தான் கிடக்கும். அவன் படுக்கிற துணியை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள், தரை வெடிப்பு, மூலை, சோபா இடுக்கு எல்லாம் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். கூட்டுக்குள் இருக்கிறது மருந்துக்குச் சாகாது, வாரக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும், அதனால் டாக்டர் சொன்ன தேதியில் மாதாமாதம் சொட்டு விடுவதைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். வீட்டில் வேறு நாய் பூனை இருந்தால் அதற்கும் அதற்குரிய மருந்து ஒரே நேரத்தில் போக வேண்டும். செதில் நாளைக்கே நிற்காது. புதுத் தோல் மேலே வர மூன்று வாரமாவது ஆகும், சாப்பாட்டு மாற்றம் முடியில் தெரிய இரண்டு மாதம்.


மேலப்பாளையம் அக்கா:

சீப்பை மட்டும் கைவிடாதீர்கள். தினமும் கொஞ்ச நேரம், இடுப்பில் ஆரம்பிக்காமல் அவனுக்குப் பிடித்த தாடையில் ஆரம்பித்துப் பையப் பைய முதுகுக்கு வாருங்கள். அவன் வாலை அடிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள். பிடித்து அமுக்கி வாரினால் அடுத்த நாள் சீப்பைக் கண்டாலே பரண்மேல் ஏறிவிடுவான். அவனால் நக்க முடியாததை நாம்தான் செய்ய வேண்டும், எடை இறங்குகிற வரைக்கும்.


அம்பை அண்ணாச்சி:

தம்பி விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். எண்ணெய் செதிலை மறைக்கும் என்பது சரியான பாயிண்ட், ஒத்துக்கொள்கிறேன். காற்று விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதையும் எழுதி வையுங்கள்.


பேட்டை முடுக்கு:

இதே இழையில் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். எங்களுடையது முழு வெள்ளை, பத்து வயது. முதுகில் ஒன்றுமில்லை, காது நுனியில் மட்டும் தோல் உரிந்து சிவந்து பொருக்குத் தட்டுகிறது, ஆறுகிறது, மறுபடி வருகிறது. நாள் முழுக்க மொட்டைமாடிச் சுவரில்தான் படுத்திருப்பாள். இதற்கும் சாளை கொடுக்கலாமா?


இராமையன்பட்டி மாணவன்:

சாளை கொடுங்கள், ஆனால் இது வேறு விஷயம், தள்ளிப்போடாதீர்கள். வெள்ளைப் பூனையின் காது நுனியில் நிறமியும் இல்லை, முடியும் குறைவு, வருடக்கணக்கில் வெயில் பட்டுப் பட்டுத் தோல் வெந்துபோகும். ஆறாமல் திரும்பத் திரும்பப் பொருக்குத் தட்டினால் புற்றாக மாறுகிற வாய்ப்பு உண்டு. ஆரம்பத்தில் பிடித்தால் காது நுனியை வெட்டி எடுத்தே காப்பாற்றிவிடலாம். மூக்கு நுனியிலும் இமையிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் மாடிக் கதவைச் சாத்திவையுங்கள், நமக்குப் போடுகிற சன்ஸ்கிரீனை அவளுக்குப் போடாதீர்கள், அதிலும் துத்தநாகம், சாலிசிலேட் இருக்கும், நக்கிவிடுவாள். புறநோயாளிப் பிரிவு காலையில்தான், சீக்கிரம் வந்துவிடுங்கள், வரும்போது அவளைத் துணிப்பையில் இல்லாமல் மூடுகிற கூடையில் கொண்டுவாருங்கள், வாசலில் எப்போதும் நாய்கள் நிற்கும்.